போர்ட்லாண்டின் பெஞ்சிலிருந்து: டிராஜென் பெட்ரோவிச்சின் நான்கு அமெரிக்க ஆண்டுகள்

1989 மார்ச்சில் ஏதென்ஸ் நகரில் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதி ஆட்டம். ரியல் மாட்ரிட் அணிக்காக ஆடிய டிராஜென் பெட்ரோவிச் தனி ஒருவராக 62 புள்ளிகள் எடுத்தார். எதிரே இத்தாலியின் கசெர்த்தா அணி. அதில் பிரேசிலின் ஆஸ்கர் ஷ்மிட் 44 புள்ளிகள் எடுத்தும் போதவில்லை. கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டத்தை மாட்ரிட் 117-113 என்று வென்றது. அந்த ஆண்டின் இறுதிக்குள் பெட்ரோவிச் அமெரிக்காவின் என்பிஏ லீகில், போர்ட்லாண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அணியில் இருந்தார். 48 நிமிட ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்தது சராசரியாகப் பன்னிரண்டரை நிமிடம். மீதி நேரம் பெஞ்ச்.

ஐரோப்பாவில் யாராலும் தடுக்க முடியாதவராக இருந்த ஒருவர் அங்கே ஏன் உட்கார வைக்கப்பட்டார்? பிறகு எப்படி எழுந்தார்? பெட்ரோவிச்சின் ஆட்ட வாழ்க்கையில் அறிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. அவர் வென்ற கோப்பைகளின் பட்டியலை எங்கும் படிக்கலாம்.

குரோஷியாவின் அட்ரியாட்டிக் கடற்கரையில் உள்ள ஷிபெனிக் என்ற சிறிய ஊரில் 1964 அக்டோபர் 22 அன்று பிறந்தார். அப்போது அது யூகோஸ்லாவியா. அண்ணன் அலெக்சாண்டரும் கூடைப்பந்து ஆட்டக்காரர்தான். தம்பி பதினைந்து வயதிலேயே ஊர் அணியான ஷிபென்காவின் மூத்தோர் அணியில் இடம்பிடித்தார். பள்ளிக்கூடம் போகும் முன்பே அதிகாலையில் அரங்குக்குள் தனியாக நுழைந்து, நூற்றுக்கணக்கான எறிதல்களை முடித்த பிறகுதான் வகுப்புக்குப் போவார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். பிற்காலத்தில் அமெரிக்காவில் ஆடிய நியூஜெர்சி அணியிலும் பயிற்சிக்கு முதலில் வந்து கடைசியில் போனவர் அவர்தான்.

1983 ஏப்ரலில் யூகோஸ்லாவிய லீக் பட்டத்துக்கான கடைசி ஆட்டத்தில், சரயேவோவின் போஸ்னா அணிக்கு எதிராக 40 புள்ளிகள் எடுத்தார். ஆட்ட நேரம் முடிந்துவிட்ட நிலையில் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் போட்டு ஷிபென்காவை ஒரு புள்ளியில் வெல்ல வைத்தார். வயது 18. ஊர் இரவெல்லாம் கொண்டாடியது. மறுநாள் காலை, நடுவரின் தீர்ப்பில் கோளாறு என்று சொல்லிச் சம்மேளனம் வெற்றியை ரத்து செய்தது. மறு ஆட்டத்துக்கு வர ஷிபென்கா மறுத்தது. பட்டம் போஸ்னாவுக்குப் போனது.

கட்டாய ராணுவ சேவையை முடித்துவிட்டு 1984இல் குரோஷியத் தலைநகர் ஜாக்ரெபின் சிபோனா அணியில் சேர்ந்தார். சிபோனா 1985இலும் 1986இலும் ஐரோப்பிய சாம்பியன் கோப்பையை வென்றது. முதல் இறுதி ஆட்டத்தில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக அவர் எடுத்தது 36 புள்ளிகள். அடுத்த ஆண்டு தோற்ற அணி, அர்விதாஸ் சபோனிஸ் ஆடிய லிதுவேனியாவின் ஜால்கிரிஸ். இதற்கிடையே, 1985 அக்டோபரில் லுப்லியானாவின் ஒலிம்பியா அணிக்கு எதிரான லீக் ஆட்டமொன்றில் 112 புள்ளிகள் எடுத்தார். இணையத்தில் அவர் பெயரோடு அடிக்கடி சேர்ந்து வரும் எண் இது. ஆனால் அன்று ஒலிம்பியா களமிறக்கியது தன் இளையோர் அணியை. அந்த 112ஐ வைத்து அவரை எடைபோடுவது அவருக்கே நியாயம் செய்வதாகாது.

அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் என்பிஏ டிராஃப்டில், 1986இல் போர்ட்லாண்ட் அவரைத் தேர்ந்தெடுத்தது. மூன்றாவது சுற்று, ஒட்டுமொத்தமாக 60ஆவது இடம். கண்டத்தின் சிறந்த ஆட்டக்காரரை அமெரிக்கா அன்று மதித்தது அவ்வளவுதான். அவர் உடனே போகவில்லை. சிபோனாவில் இரண்டு ஆண்டு, மாட்ரிடில் ஓர் ஆண்டு ஆடிவிட்டு 1989இல் போனார். அதே ஆண்டில் யூகோஸ்லாவிய அணியில் அவருடைய தோழரான விளாடே டிவாட்ஸ் லாஸ் ஏஞ்சலஸுக்கும், லிதுவேனியாவின் ஷாருனாஸ் மார்ச்சுலியோனிஸ் கோல்டன் ஸ்டேட் அணிக்கும் போனார்கள்.

இனி அந்த பெஞ்சுக்கு வருவோம். அதற்கு முதல் காரணம் சாதாரணமானது: போர்ட்லாண்டில் அவருடைய இடத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தார். ஷூட்டிங் கார்டு என்பது வெளிவட்டத்திலிருந்து புள்ளி சேர்க்கும் இடம். அங்கே அந்த அணியின் நட்சத்திரமான கிளைட் டிரெக்ஸ்லர் ஆடினார். பந்தை நடத்திச் செல்லும் பாயிண்ட் கார்டு இடத்தில் டெர்ரி போர்ட்டர். இருவருமே ஆல்-ஸ்டார் தரம். அணியும் வென்றுகொண்டிருந்தது, 1990இல் இறுதிச் சுற்று வரை போய் டெட்ராய்டிடம் தோற்றது. வெல்லும் அணியைக் கலைக்கப் பயிற்சியாளர் ரிக் அடெல்மனுக்குத் தேவையே இருக்கவில்லை. அடுத்த பருவத்துக்கு டேனி எயிஞ்ச் என்ற இன்னொரு கார்டும் வந்து சேர, பெட்ரோவிச்சின் நேரம் ஏழு நிமிடமாகச் சுருங்கியது.

இரண்டாவது காரணம் விதிகளில் இருந்தது. சர்வதேச ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு அன்று வளையத்திலிருந்து 6.25 மீட்டர் தூரத்தில் இருந்தது. என்பிஏவில் நேர் எதிரே 7.24 மீட்டர். ஏறக்குறைய ஒரு மீட்டர் கூடுதல். இதையாவது பயிற்சியால் சரிக்கட்டலாம். தற்காப்பு விஷயம் அப்படியல்ல. ஐரோப்பாவில் ஜோன் தற்காப்பு அனுமதிக்கப்பட்டது; அதில் ஒவ்வொருவரும் ஆளைக் காக்காமல் இடத்தைக் காப்பார்கள், கால்வேகம் குறைந்தவரைப் பக்கத்தில் இருப்பவர் மறைத்துவிடுவார். என்பிஏவோ அன்று ஜோனைத் தடை செய்திருந்தது. ஆளுக்கு ஆள் நின்று தடுக்க வேண்டும். அந்தக் காலத்தின் கார்டுகள், மைக்கேல் ஜோர்டனையும் டிரெக்ஸ்லரையும் போன்றவர்கள், தனியாக நிற்பவரைத் தாண்டிப் போவதையே தொழிலாக வைத்திருந்தவர்கள். பெட்ரோவிச்சின் கால்கள் அதற்குத் தயாராக இல்லை. இது உண்மையான குறை, மறைப்பதற்கில்லை.

மூன்றாவதாக ஒரு நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. ஐரோப்பியர்களில் உயரமானவர்கள் வேண்டுமானால் தேறுவார்கள், கார்டுகள் தேறமாட்டார்கள் என்று அமெரிக்காவில் பலர் எண்ணினார்கள். குறை ஒருவரிடம் தெரிந்தால், அது அவர் பிறந்த கண்டத்தின் குறையாகவே பேசப்பட்டது.

தன்னை வேறு அணிக்கு அனுப்புமாறு அவர் வெளிப்படையாகவே கேட்டார். 1991 ஜனவரியில் டென்வரையும் உள்ளடக்கிய மூன்று அணிப் பரிமாற்றத்தில் நியூஜெர்சி நெட்ஸுக்கு அனுப்பப்பட்டார். அது வெற்றியை மறந்துபோன அணி. முந்தைய பருவத்தில் 82 ஆட்டங்களில் 17 மட்டுமே வென்றிருந்தது. அவருக்கு அதுவே வாய்ப்பாயிற்று. உடலை வலுவாக்கினார், தற்காப்பில் உழைத்தார். 1991-92 பருவத்தில் 82 ஆட்டங்களிலும் ஆடி, ஆட்டத்துக்குச் சராசரியாக 20.6 புள்ளி. அடுத்த பருவத்தில் 22.3. மூன்று புள்ளி எறிதல்களில் நூற்றுக்கு 44க்கும் மேல் உள்ளே விழுந்தன; லீகின் பொதுச் சராசரி அன்று சுமார் 33தான். களத்திலிருந்து எறிந்த மொத்தத்திலும் பாதிக்கு மேல் கூடையானது. தூரத்திலிருந்து எறியும் ஒரு கார்டுக்கு இந்த இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம். நெட்ஸ் 17 வெற்றியிலிருந்து 40க்கும் 43க்கும் ஏறி, இரண்டு ஆண்டும் பிளே-ஆஃப் சென்றது.

இந்த ஆண்டுகளில் அவருடைய நாடு உடைந்துகொண்டிருந்தது. 1990இல் பியூனஸ் அயர்ஸில் யூகோஸ்லாவியா உலக சாம்பியன் ஆனபோது, குரோஷியக் கொடியோடு களத்துக்குள் ஓடிவந்த ரசிகரிடமிருந்து செர்பியரான டிவாட்ஸ் அந்தக் கொடியைப் பறித்தார். அதுவரை நெருங்கிய நண்பர்களாக இருந்த டிவாட்ஸுக்கும் பெட்ரோவிச்சுக்கும் இடையே பேச்சு நின்றுபோனது. 1991 ஜூனில் குரோஷியா விடுதலையை அறிவித்தது. செப்டம்பரில் ஷிபெனிக் நகரமே தாக்கப்பட்டது. அந்தச் செய்திகளோடுதான் அவர் தன்னுடைய முதல் முழு நெட்ஸ் பருவத்தைத் தொடங்கினார் என்பதை நினைத்தால் அந்த 20.6க்கு வேறு எடை வருகிறது.

1992இல் பார்சிலோனாவில், ஒலிம்பிக் கூடைப்பந்தில் குரோஷியா முதன்முறையாகத் தன் பெயரில் களம் இறங்கியது. அரையிறுதியில் முன்னாள் சோவியத் நாடுகளின் கூட்டணியை 75-74 என்று வென்று இறுதிக்கு வந்தது. அங்கே ஜோர்டன், மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட் ஆடிய அமெரிக்க ‘டிரீம் டீம்’ 117-85 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் ஜோர்டன் எடுத்தது 22 புள்ளிகள், பெட்ரோவிச் 24. அமெரிக்காவின் பயிற்சியாளர் சக் டேலி. 1990இல் போர்ட்லாண்டை வீழ்த்திய டெட்ராய்டுக்கும் அவர்தான் பயிற்சியாளர். 1992-93 பருவத்தில் நெட்ஸின் பொறுப்பையும் ஏற்று, பெட்ரோவிச்சைத் தன் தாக்குதலின் மையமாக வைத்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் 1993 ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு அவர் தேர்வாகவில்லை. அது பிழையான தேர்வு. பருவத்தின் முடிவில் லீகின் சிறந்த பதினைந்து பேரில் ஒருவராக, ஆல்-என்பிஏ மூன்றாம் அணியில் அவர் பெயர் வந்ததே அதற்குச் சான்று.

ஜூன் மாதம் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரில் ஐரோப்பியப் போட்டிக்கான தகுதி ஆட்டங்களில் குரோஷியாவுக்காக ஆடினார். திரும்பும் வழியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் அணியினரை விட்டுப் பிரிந்து காரில் புறப்பட்டார். 1993 ஜூன் 7, மாலை, மழை. பவேரியாவில் இங்கோல்ஸ்டாட் அருகே நெடுஞ்சாலையில் எதிர்த்திசையிலிருந்து தடுப்பைத் தாண்டி வந்து நின்ற லாரியில் கார் மோதியது. பெட்ரோவிச் காரை ஓட்டவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்தார். அங்கேயே இறந்தார். வயது 28. ஜாக்ரெபின் மிரோகோய் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டார். சில வாரங்களில் அவர் இல்லாமல் ஆடிய குரோஷியா ஐரோப்பியப் போட்டியில் வெண்கலம் வென்றது. நவம்பரில் நெட்ஸ் அவருடைய 3ஆம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்தது. 2002இல் அமெரிக்காவின் நெய்ஸ்மித் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

என்பிஏவில் அவர் ஆடியது மொத்தம் 290 ஆட்டங்கள். அதற்குப் பிறகு பிரான்ஸின் கார்டு டோனி பார்க்கர் 2007 இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 2018இல் ஸ்லோவேனியாவின் லூக்கா டோன்சிச் டிராஃப்டில் மூன்றாவது இடத்திலேயே எடுக்கப்பட்டார். ஐரோப்பிய கார்டுகளைப் பற்றிய பார்வை இப்படி மாறியதில் மார்ச்சுலியோனிஸுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரு ஐரோப்பிய கார்டு என்பிஏ அணியின் முதன்மைப் புள்ளி சேகரிப்பாளராக இருக்க முடியும் என்று காட்டியது பெட்ரோவிச்தான். கூடைப்பந்து பயிலும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவரை அறிய 112 புள்ளிக் கதையைத் தேடாதீர்கள். 1993 ஜனவரியில் ஹியூஸ்டன் ராக்கெட்ஸுக்கு எதிராக அவர் 44 புள்ளிகள் எடுத்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். என்பிஏவில் அவருடைய உச்சம் அதுதான்.