கள்ளூர் அவையில் கொட்டிய நீறு

அகநானூற்றின் 256ஆம் பாட்டில் கள்ளூர் என்றொரு ஊர் வருகிறது. அங்கே ஒருவன் ஒரு பெண்ணோடு பழகிவிட்டு, ஊர் அவையில் நின்று அவளைத் தெரியவே தெரியாது என்று சத்தியம் செய்கிறான். அவை அதை அப்படியே நம்பிவிடவில்லை. சாட்சிகளை விசாரித்தது. பொய் வெளிப்பட்டதும் அவனை மரக்கிளையில் கட்டி வைத்துத் தலையில் நீற்றைக் கொட்டினார்கள். அவையே ஆரவாரித்தது. இதைச் சொல்பவள் தோழி. பரத்தையிடம் போய்விட்டு வந்து மழுப்பும் தலைவனிடம், உன்னைப் பற்றிய ஊர்ப்பேச்சு அந்த ஆரவாரத்தைவிடப் பெரிது என்கிறாள்.

இப்படிப் பொய்யும் வழுவும் தலைகாட்டிய பிறகுதான் பெரியோர் திருமணச் சடங்கையே வகுத்தார்கள் என்று தொல்காப்பியம் காரணம் சொல்கிறது.

அந்த அவையின் இடத்தில் இன்று சட்டம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆவது பிரிவுப்படி, மணக்கும் எண்ணமே இல்லாமல் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஒரு பெண்ணோடு உடலுறவு கொண்டால் 10 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அடையாளத்தை மறைத்து மணப்பதும், வேலை வாங்கித் தருவதாக ஏய்ப்பதும் இதில் அடங்கும்.

ஆனால் முறிந்த காதலெல்லாம் மோசடி ஆகாது. பிரமோத் சூர்யபான் பவார் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துக் காட்டியது. சொல்லும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா, மனதாரச் சொல்லிப் பிறகு நிறைவேற்ற முடியாமல் போனதா என்பதே கேள்வி. நியாயமான கேள்விதான். இல்லையென்றால் வீட்டாரின் எதிர்ப்பில் உடைந்த காதலும் குற்றமாகிவிடும்.

ஏமாற்றுக்கு இன்று தூரமும் துணைபோகிறது. அறந்தாங்கிப் பக்கம் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று பிழைக்கப் போனவர்கள் ஏராளம். பெண் பார்ப்பது முதல் நிச்சயத்துக்குப் பிந்தைய பேச்சு வரை பலருக்குக் கைப்பேசியில்தான். வேலை, சம்பளம், ஏற்கெனவே உள்ள மனைவி என எதையும் மறைக்க அந்தத் தூரம் வசதியாகிவிடுகிறது. மறைப்பதில் ஆண், பெண் பேதமில்லை. முக்கியமான உண்மையை மறைத்து மோசடியாகச் சம்மதம் பெற்ற திருமணத்தை ரத்து செய்ய இந்து திருமணச் சட்டத்தின் 12ஆவது பிரிவு இருவருக்குமே வழி தருகிறது. மோசடி தெரிந்த ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். பலர் அந்த ஓராண்டை ‘ஊர் என்ன சொல்லும்’ என்ற பயத்திலேயே கழித்துவிடுகிறார்கள்.

வேதனை இதுதான். கள்ளூரில் நீறு விழுந்தது ஏமாற்றியவன் தலையில். இன்று நாம் ஏமாந்தவள் தலையில் கொட்டுகிறோம். ஏமாந்த பெண் பேச முன்வந்தால் ‘நீ ஏன் நம்பினாய்’ என்று கேட்காதீர்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணையோ மகளிர் காவல் நிலையத்தையோ நாட அவளுக்குத் துணை நில்லுங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்டப்பணிகள் குழு மூலம் வழக்கறிஞர் உதவி இலவசம்.