முதலில் எங்களைக் கேளுங்கள்: நீதியரசர் பாத்திமா பீவி

மாவடிப்பள்ளியில், காணி இழந்து வந்த குடும்பங்களோடு உட்கார்ந்து பேசும்போது, நட்டஈட்டுக் கணக்குக்கு முன்பே ஒரு முறைப்பாடு வரும்: "எங்களுக்கிட்ட ஒரு சொல்லுக் கேட்டாங்களா, ஃபாதர்?" வயல் போனது ஒரு துயரம். நம்மைக் கேளாமலே முடிவெடுத்தார்கள் என்பது இன்னொரு துயரம். இந்த இரண்டாவது துயரத்தையும் சட்டம் அறியும். அதைத் தீர்ப்பாக எழுதிய ஒரு பெண் நீதியரசரைப் பற்றி இவ்விதழில் அறிந்துகொள்வோம்.

அன்றைய திருவிதாங்கூரில், பத்தனம்திட்டையில், 1927 ஏப்ரல் 30ஆம் திகதி ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் பாத்திமா பீவி. தந்தை மீரா சாகிப் அரசாங்க ஊழியர். 1937இல் திருவிதாங்கூரில் அன்னா சாண்டி என்ற பெண் நீதிபதியாக நியமனம் பெற்றிருந்தார். அவரை மனத்திற்கொண்டே, விஞ்ஞானப் பட்டம் பெற்ற தம் மகளைத் திருவனந்தபுரம் சட்டக் கல்லூரிக்கு அனுப்பினார் தந்தை.

1950இல் சட்டத்தரணியான பாத்திமா பீவி, கொல்லத்தில் தொழிலைத் தொடங்கினார். 1958இல் கீழ்நிலை நீதிமன்றத்தில் முன்சீப்பாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1974இல் மாவட்ட நீதிபதியானார். 1983இல் கேரள உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். 1989 அக்டோபர் 6ஆம் திகதி, இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதியரசராகப் பதவியேற்றார். அப்போது அவருக்கு வயது 62. நம் நாட்டின் அதியுயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண், ஷிராணி பண்டாரநாயக்க, வந்தது 1996இல்தான்.

1991இல் பாத்திமா பீவி எழுதிய ஒரு தீர்ப்பு நமக்கு முக்கியமானது. கர்நாடக அரசு ஓர் இடத்தைச் சேரிப் பகுதியாக அறிவித்திருந்தது. அதனால் அங்குள்ள ஏழைகளுக்குச் சில நன்மைகள் கிடைக்க இருந்தன. பின்னர் அரசு அந்த அறிவித்தலை இரத்துச் செய்து, குறைந்த பரப்பை மட்டும் சேர்த்துப் புதிய அறிவித்தல் விடுத்தது. விடுபட்டவர்களிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். பாதிக்கப்படுவோரின் பேச்சைக் கேளாமல் அவர்களுக்குக் கிடைத்ததைப் பறிப்பது இயற்கை நீதிக்கு முரணானது என்று தீர்ப்பானது.

பாத்திமா பீவி 1992இல் ஓய்வு பெற்று, 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்தார். 2001இல் அவர் செய்த முதலமைச்சர் நியமனம் ஒன்று செல்லாது என அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதி வழங்கியவரும் சட்டத்துக்கு உட்பட்டவரே. 2023 நவம்பர் 23ஆம் திகதி, தமது 96ஆவது வயதில், கொல்லத்தில் காலமானார்.

நம் நாட்டிலும் கேட்கப்படும் உரிமை உண்டு. 1950ஆம் ஆண்டுக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி, காணி உள்ள பகுதியில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அறிவித்தல் ஒட்டப்பட வேண்டும். 4ஆம் பிரிவு ஆட்சேபனை தெரிவிக்கக் குறைந்தது 14 நாள் தருகிறது. ஆனால் அவசரம் என்று சொல்லி உடனே காணியை எடுக்க 38ஆம் பிரிவில் வழியிருக்கிறது என்பதையும் மறவாதீர்கள்.

இடம்பெயர்ந்தோருக்கு இங்கேதான் ஆபத்து. அறிவித்தல் ஒட்டப்படுவது பழைய காணியில். நீங்கள் இருப்பதோ வேறிடத்தில். ஆகவே இவற்றைச் செய்யுங்கள்:

உங்கள் இன்றைய விலாசத்தைப் பழைய ஊரின் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் ஒப்பம் வாங்குங்கள்.

காணியை அவ்வப்போது போய்ப் பாருங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உறுதி, பெர்மிட், பழைய பற்றுச்சீட்டு எதுவாயினும் பத்திரப்படுத்துங்கள்.

அடிப்படை உரிமை மீறப்பட்டதென்றால் உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அக்கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையில் உண்டு. தாமதியாமல் ஒரு சட்டத்தரணியின் ஆலோசனையும் பெறுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வயல் போனபின் பிள்ளைகளின் படிப்பு, அதிலும் பெண்பிள்ளைகளின் படிப்பு, முதலில் நின்றுபோவதை நான் காண்கிறேன். மீரா சாகிப் தம் மகளின் படிப்பை நிறுத்தவில்லை. உங்கள் மகளின் படிப்பையும் நிறுத்திவிடாதீர்கள். நாளை உங்கள் காணிக்காக எழுந்து பேசப்போகிறவள் அவளாகவும் இருக்கலாம்.