மானிட்டரைப் பார்க்காமலே பாடல்களைத் தேடலாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, கையில் இருக்கும் பாடல்களை எல்லாம் அதில் காப்பி செய்வதுதான். சில வாரங்களில் பாடல்கள் ஆயிரத்தைத் தாண்டிவிடும். பிறகு அதில் ஒன்றைத் தேடி எடுப்பது நமக்கே பெரும்பாடு. பார்வை இழந்த ஒருவர் என்ன செய்வார்?

மார்த்தாண்டத்தில் எங்கள் தெருவில் இருக்கும் சார் ஒருவர், எனக்குப் பள்ளியில் கணக்கு சொல்லித் தந்தவர். கண் நீர் அழுத்த நோயினால் பார்வை போய்விட்டது. வீட்டில் இருந்த கேசட்டுகளை எல்லாம் பேரன் எம்பி3 ஆக மாற்றிக் கொடுத்துவிட்டு, வேலைக்கு வெளியூர் போய்விட்டான். “மக்களே, ஒரு பாட்டு கேக்க தினமும் ஒன்ன விளிச்சிட்டே இருக்க முடியுமா?” என்று ஒரு நாள் கேட்டார். அன்றைக்கே அவருடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்தோம்.

முதல் தேவை ஸ்கிரீன் ரீடர். திரையில் இருக்கும் மெனு, பட்டன், பைல் பெயர் ஆகியவற்றை வாய்விட்டுப் படிக்கும் புரோகிராம் இது. விண்டோஸிலேயே நேரேட்டர் இருக்கிறது. விண்டோஸ் கீ, கண்ட்ரோல், எண்டர் மூன்றையும் சேர்த்துத் தட்டினால் பேசத் தொடங்கும். ஆனால் என் சிபாரிசு என்விடிஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006ல் எழுதத் தொடங்கிய புரோகிராம் இது. முற்றிலும் இலவசம். இதன் மெனுக்கள் தமிழிலும் கிடைக்கின்றன. கூடவே வரும் இ-ஸ்பீக் குரல் தமிழையும் படிக்கும். தகரத்தைத் தட்டியது போல் இருக்கும், அவ்வளவுதான். விண்டோஸ் 10, 11ல் ஸ்பீச் செட்டிங்ஸில் தமிழை இறக்கிக் கொண்டால் ‘வள்ளுவர்’ என்ற குரல் கிடைக்கும். இது கேட்க இதமானது. ஆங்கில மெனுக்களைக் கொஞ்சம் விநோதமாக உச்சரிக்கும், பழகிவிடும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேச்சு நிற்காமல் ஓடினால் கண்ட்ரோல் கீயைத் தட்டவும். உடனே வாயை மூடிக்கொள்ளும். புதிதாகப் பழகுபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும்.

அடுத்து பிளேயர். பார்க்க அழகான பிளேயர்கள் பலவற்றில் பட்டன்களுக்குப் பெயரே இருக்காது. ஸ்கிரீன் ரீடர் “பட்டன், பட்டன்” என்று மட்டும் சொல்லும். எந்தப் பட்டன் என்று யாருக்குத் தெரியும்? ஒரு காலத்தில் பார்வையற்றவர்கள் வின்ஆம்ப்பை விரும்பியதற்குக் காரணம் அதன் கீபோர்டு வசதி: இசட், எக்ஸ், சி, வி, பி என்று அடுத்தடுத்த ஐந்து கீகளில் முந்தைய பாட்டு, பிளே, பாஸ், ஸ்டாப், அடுத்த பாட்டு. சாருக்கு நான் போட்டுக் கொடுத்தது ஃபூபார்2000. 2002ல் வந்த இலவச புரோகிராம், தோற்றம் சாதாரணம்தான். விண்டோஸின் வழக்கமான மெனுக்களையும் பட்டியல்களையும் பயன்படுத்துவதால் என்விடிஏ இதை நன்றாகப் படிக்கிறது.

இன்ஸ்டால் செய்ததும் கண்ட்ரோல், பி சேர்த்துத் தட்டவும். பிரிஃபரன்சஸ் விண்டோ கிடைக்கும். அம்புக்குறி கீயால் ‘மீடியா லைப்ரரி’ என்று சொல்லும்வரை நகர்ந்து, டேப் மூலம் ‘ஆட்’ பட்டனுக்குச் சென்று, பாடல்கள் உள்ள போல்டரைத் தேர்ந்தெடுக்கவும். அவ்வளவுதான். பிறகு அந்தப் போல்டரில் புதிய பாடல் போட்டாலும் லைப்ரரியில் தானே சேர்ந்துவிடும். ஆல்ட் தட்டி ‘லைப்ரரி’ மெனுவுக்குச் சென்றால் ‘ஆல்பம் லிஸ்ட்’, ‘சர்ச்’ இரண்டும் அங்கே இருக்கும். சர்ச்சில் பெயரின் ஒரு பகுதியை டைப் செய்தாலே போதும்.

இதெல்லாம் அரை மணி நேர வேலை. உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான். சார் தேடியது சினிமாப் பாட்டு அல்ல. மறைந்த தம் மனைவி வீட்டில் பாடியதை ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். அது எங்கே? லைப்ரரி “டிராக் 01, டிராக் 01, டிராக் 01” என்று படித்துக்கொண்டே போனது. பேரன் எந்த பைலுக்கும் பெயர் கொடுக்கவில்லை. பெயர் இல்லாத பாட்டு, காதால் தேடுபவருக்கு இல்லாத பாட்டுதான். இரண்டு மாலை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். அவர் அடையாளம் சொல்ல, நான் ஆல்ட், எண்டர் தட்டிக் கிடைக்கும் பிராப்பர்ட்டீஸ் விண்டோவில் டைட்டில் வரியில் பெயரை டைப் செய்து ஓகே கொடுத்தேன். இரண்டாம் நாள், ஒரு கேசட்டின் பின்பக்கக் கடைசியில் அந்தக் குரல் வந்தது. சார் அதற்குச் சொன்ன பெயரை அப்படியே டைப் செய்தேன்.

பெயர்களை யூனிகோட் தமிழிலேயே கொடுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்த பெயர்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், ஸ்கிரீன் ரீடர் எழுத்துருவைப் பார்ப்பதில்லை; பின்னால் உள்ள குறியீட்டைத்தான் படிக்கும். அது ஏதோ ஐரோப்பிய மொழி போல உளறும். பெயருக்கு முன்னால் எண்ணும் வேண்டாம். பட்டியலில் முதல் எழுத்தைத் தட்டித் தாவும்போது எல்லாமே பூஜ்யத்தில் தொடங்கினால் தாவி என்ன பயன்?

பாட்டுச் சத்தத்தில் என்விடிஏயின் பேச்சு காதில் விழவில்லையா? இன்சர்ட், ஷிப்ட், டி மூன்றையும் சேர்த்துத் தட்டவும். என்விடிஏ பேசும்போது பாட்டு தானே தணிந்து, முடித்ததும் பழைய அளவுக்கு வந்துவிடும். என்விடிஏயை முறையாக இன்ஸ்டால் செய்திருந்தால்தான் இது வேலை செய்யும். பென் டிரைவிலிருந்து இயக்கினால் கிடைக்காது. சாருக்கு இந்த வசதி பிடிக்கவில்லை. அந்த ஒரு பாட்டு ஓடும்போது என்விடிஏ குறுக்கே பேசக் கூடாதாம். அதற்கும் வழி இருக்கிறது: இன்சர்ட், எஸ் தட்டி பேச்சையே நிறுத்திக்கொள்ளலாம், திரும்ப வேண்டும் என்றால் பேசும்வரை அதே கீகளைத் தட்டவும்.