12 இஞ்சியா, 12 அடியா?

வவுனியா கடைவீதியிலோ கிளிநொச்சியில் ஏ9 வீதியோரத்திலோ ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவர்கள் சப்வூபரைப் பற்றிக் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: எத்தனை இஞ்சி, எத்தனை வோட்ஸ்? இரண்டும் பெட்டியைப் பற்றியவை. அந்தப் பெட்டி போய் இருக்கப்போகும் ஹோல் எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம் என்று கடைக்காரரும் கேட்பதில்லை, வாங்குபவரும் சொல்வதில்லை. பேச்சும் வயலினும் வரும் உயர்ந்த மீடிறன்களில் நல்ல ஸ்பீக்கர் எங்கே வைத்தாலும் ஓரளவு நல்ல ஸ்பீக்கராகவே ஒலிக்கும். பேஸ் அப்படியல்ல. சிறிய அறையில் நமக்குக் கேட்கும் பேஸில் பாதிக்கு மேல் அறையின் கைவண்ணம். ஆகவே 12 இஞ்சி சப்வூபருக்குக் கொடுக்கும் மேலதிகக் காசைவிட, 12 அடி ஹோலுக்குள் அதை எங்கே வைப்பது என்று யோசிக்கும் அரை மணித்தியாலம் கூடுதல் பலன் தரும் என்பது என் கணிப்பு.

காரணம் அலைநீளம். ஒலியின் வேகம் சூட்டோடு கூடும்; 30 பாகை செல்சியஸ் வெக்கையுள்ள வன்னிப் பகலில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர். வேகத்தை மீடிறனால் வகுத்தால் அலைநீளம் வரும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. 1,000 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 35 சென்ரிமீற்றர். 40 ஹேர்ட்ஸ் ஒலிக்கு அது 8.7 மீற்றர், அதாவது 28 அடிக்கும் மேல். இனி வீட்டைப் பார்ப்போம். போருக்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் எழுந்த கல்வீடுகளில் பெருந்தொகையானவை இந்திய வீட்டுத்திட்டத்தில் வந்தவை. 2012இல் தொடங்கிய அதன் பெரிய கட்டத்தில் பயனாளி ஒருவருக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் மானியம். வீட்டின் பரப்பு சுமார் 550 சதுர அடி. அறைகளும் குசினியும் போக ஹோலுக்கு மிஞ்சுவது 12 அடிக்கு 10 அடி என்று வைத்துக்கொள்வோம். 28 அடி நீளமான அலை இந்த ஹோலுக்குள் முழுதாக விரிய இடமே இல்லை. சீமெந்துக் கல்லில் கட்டிப் பூசிய சுவரோ தாழ்ந்த ஒலியைப் பெரும்பாலும் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே போய்வரும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, அரை அலைநீளம் சுவரிடைத் தூரத்துக்குச் சமமாகும் மீடிறனில் நின்ற அலை ஒன்றை உண்டாக்குகின்றன. 12 அடி நீளத்துக்கு அந்த மீடிறன் ஏறத்தாழ 48 ஹேர்ட்ஸ். 10 அடி அகலத்துக்கு 57.

நின்ற அலைக்கு ஒரு குணம் உண்டு. சுவரோரத்தில் ஒலியமுக்கம் உச்சத்தில் இருக்கும். நட்டநடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே இராது. கதிரையை ஹோலின் நடுவே போட்டிருப்பவருக்கு 48 ஹேர்ட்ஸ் ஒலி காணாமல் போகும். செற்றியைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பவருக்கு அதே ஒலி இரட்டிப்பாக வந்து இடிக்கும். பேஸ் கிற்றாரின் ஆகத் தாழ்ந்த சுரம் 41 ஹேர்ட்ஸ். அதிலிருந்து மூன்று அரைச்சுரம் ஏறினால் 49. பாட்டில் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் பின்சுவர்க்காரருக்கு வீடே குமுறும், அடுத்தடுத்த சுரங்கள் அடங்கிப்போகும். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'டும்' கேட்கிறது என்று குறைப்படுகிறவர்கள் பெட்டியைத் திட்டுகிறார்கள். பெட்டி பெரும்பாலும் நிரபராதி. அதை ரிவிக்குப் பக்கத்து மூலைக்குள் தள்ளிவைத்தவர்தான் பொறுப்பு, ஏனென்றால் மூலை என்பது நீளம், அகலம், உயரம் மூன்றின் நின்ற அலைகளையும் ஒரே நேரத்தில் எழுப்பிவிடும் இடம்.

"பெரிய பெட்டியை வாங்கிச் சத்தத்தைக் கூட்டினால் அந்தக் குறை நிரம்பாதா?" என்று கேட்கலாம். நிரம்பாது. நடுவில் 48 ஹேர்ட்ஸ் கேட்காததற்குக் காரணம் ஒலி போதாமை அல்ல. வரும் அலையும் திரும்பும் அலையும் அங்கே ஒன்றையொன்று அழிப்பதே காரணம். வலுவை இரட்டிப்பாக்கினால் எல்லா இடத்திலும் 3 டெசிபல் கூடும், அழியும் இடத்தில் அழிவும் அதே விகிதத்தில் நடக்கும். குழி குழியாகவே இருக்க, மேடு இன்னும் உயரும். அம்பிளிபயரின் பேஸ் குமிழைத் திருகுவதன் விளைவும் இதுவே.

பெட்டியின் அளவுக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. எந்த வேலைக்கு அது வேண்டும் என்பதில்தான் குழப்பம். ஒரே ஒலியமுக்கத்தைப் பாதி மீடிறனில் தரவேண்டுமானால் ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு காற்றைத் தள்ளவேண்டும். 40 ஹேர்ட்ஸில் சிரமமின்றி ஒலிக்கும் பெட்டி 20இல் திணறுவது இதனால்தான். 12 இஞ்சிக் கூம்பின் பரப்பு 8 இஞ்சிக் கூம்பினுடையதைப்போல இரண்டேகால் மடங்கு என்பதால் அங்கே அது உண்மையிலேயே கைகொடுக்கும். போதாதற்கு நம் காதும் தாழ்ந்த ஒலிக்கு மந்தம். 1933இல் பெல் ஆய்வுகூடத்தில் பிளெச்சரும் மன்சனும் தொடங்கிவைத்த அளவீடுகளின் வழிவந்த சர்வதேச நியமம் 226இன்படி, 1,000 ஹேர்ட்ஸ் ஒலி இரண்டு மூன்று டெசிபலிலேயே காதில் விழும். 63 ஹேர்ட்ஸ் ஒலிக்கு 37 டெசிபல் வேண்டும், 20 ஹேர்ட்ஸுக்கு 78. இத்தோடு ஹொஃப்மன் விதி என்ற ஒன்றும் இருக்கிறது (கே.எல்.எச். என்ற ஸ்பீக்கர் கம்பனியின் பெயரிலுள்ள 'எச்' இந்த ஹொஃப்மன்தான்). சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வலுவில் உரத்த சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெறலாம் என்கிறது அது. அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் எழுதிய ஆய்வும், பின்னர் ரிச்சர்ட் சிமோல் செய்த வேலையும் இந்த இழுபறியைச் சமன்பாடுகளாக்கின. இன்றுவரை எந்த விளம்பரமும் அந்தச் சமன்பாடுகளைத் தாண்டவில்லை.

ஆனால் 20 ஹேர்ட்ஸ் நம் ஹோலுக்கு எங்கிருந்து வரப்போகிறது? திரைப்படத்தின் 5.1 ஒலித்தடத்தில் அந்த '.1' என்பது வெடிக்கும் இடிக்கும் ஒதுக்கிய தனித்தடம்; அதில் 20, 30 ஹேர்ட்ஸ் தாராளமாக இருக்கும். வன்னி வீடுகளில் படம் பார்ப்பது அனேகமாக ரிவி அலைவரிசையிலும் யூடியூபிலும். அங்கே வருவது பெரும்பாலும் இரண்டு தட ஸ்ரீரியோ ஒலி. அதில் தனித்தடமே கிடையாது. இருக்கிற ஒலியின் அடிப்பகுதியைப் பிரித்துத்தான் சப்வூபருக்குக் கொடுக்கிறார்கள். பாட்டுக்களின் பேஸில் பெரும்பகுதி 40 ஹேர்ட்ஸுக்கு மேலே முடிந்துவிடும். அந்த எல்லை வரை ஒழுங்காக ஒலிக்கும் 8 அல்லது 10 இஞ்சிப் பெட்டி 120 சதுர அடி ஹோலுக்குக் காணும்.

இதற்கு எதிர்முனையிலிருந்தும் ஒரு கேள்வி வரலாம்: சப்வூபரே எதற்கு? தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைக்காத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைச் சுற்றி டைனமோ மின்சாரத்தில் றேடியோ கேட்ட சனம் இது. உள்ளங்கையளவு ஸ்பீக்கரில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே அனேகமாக ஒன்றும் வந்திருக்காது. இருந்தும் பாட்டின் அடிச்சுரம் எதுவென்று எல்லாருக்கும் விளங்கியது. அது மூளையின் வேலை. ஒரு சுரத்தின் அடிப்படை மீடிறன் வராவிட்டாலும் அதன் மடங்குகள் வந்தால் போதும், விட்டுப்போன சுருதியை மூளையே நிரப்பிக்கொள்ளும். 1841இலேயே செருமானியரான செபெக் இதைக் கவனித்திருந்தார். எனினும் மூளை நிரப்புவது சுருதியை மட்டும். நெஞ்சில் வந்து மோதும் அமுக்கத்தை அதனால் உண்டாக்க முடியாது. அதற்காகத்தான் சப்வூபருக்குக் காசு கொடுக்கிறோம். அது வேண்டாதவர்கள் நல்ல இரண்டு ஸ்பீக்கரோடு நிறுத்திக்கொண்டால் நட்டமில்லை.

கனமான மறுப்பு கூரையிலிருந்து வருகிறது. "எங்கள் வீட்டில் சீலிங் இல்லை, ஓட்டுக்குள்ளால் பேஸ் வெளியே போய்விடும், ஆகவே பெரிசு வேண்டும்." இதில் பாதி உண்மை. ஒரு தடுப்பு ஒலியை மறிக்கும் திறன் அதன் திணிவைப் பொறுத்தது. அந்தத் திறன் மீடிறன் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். இடைவெளி விட்டு அடுக்கிய ஓடோ மெல்லிய தகரமோ 40, 50 ஹேர்ட்ஸை அதிகம் மறிக்காது. ஆகவே இறுக மூடிய கொங்கிரீட் அறையில் கிடைக்கும் மேலதிக பேஸ் இங்கே கிடைக்காதுதான். ஆனால் வெளியே போவது நமக்கு வேண்டாத குமுறலும்தான். ஓட்டு வீட்டில் உயரத்தின் நின்ற அலை பலமிழக்கும், ஒலி சீக்கிரம் அடங்கும். தட்டையான கொங்கிரீட் கூரைக்குக் கீழே இருப்பவர்கள் இதற்காகவே காசு செலவழித்துப் பஞ்சுத்தட்டிகளை அடுக்குகிறார்கள். தகரக் கூரையின் பிரச்சினை வேறு: ஆணி தளர்ந்த சீற் ஒன்று தன் பரிவு மீடிறன் வந்ததும் கடகடக்கும். பெரிய சப்வூபர் அதை இன்னும் உரக்கக் கடகடக்கச் செய்யும், அவ்வளவே.

கூரை வழியே போன பேஸ் அயலுக்கும் போகும். தாழ்ந்த ஒலி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு யானைகளே சாட்சி. 1984இல் அமெரிக்காவின் போட்லன்ட் மிருகக்காட்சிச்சாலையில் ஆசிய யானைகளுக்கு அருகே நின்ற ஆய்வாளர் கேற்றி பெய்ன் காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். பதிவுசெய்து ஆராய்ந்தபோது அது மனிதக் காதுக்கு அனேகமாக எட்டாத 14 முதல் 24 ஹேர்ட்ஸ் ஒலி என்று தெரிந்தது. காட்டுக்குள் தொலைவில் நிற்கும் இன்னொரு யானையோடு பேச அது உதவுகிறது, ஏனென்றால் தாழ்ந்த ஒலியைக் காற்றும் மரமும் உறிஞ்சுவது மிகக் குறைவு. அரை ஏக்கர் காணி நடுவே வீடு இருக்கிறது, யாருக்கும் கேளாது என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கவேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பாட்டுக் கேட்காது, இடி மட்டும் கேட்கும்.

சரி, பெட்டியை எங்கே வைப்பது? இதற்கு விலையில்லாத வழி ஒன்று உண்டு. ஓரிடத்தில் எழும் ஒலி இன்னோரிடத்தில் எப்படிக் கேட்குமோ, இரண்டையும் இடம் மாற்றினாலும் அப்படியே கேட்கும் என்ற விதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸும் ராலே பிரபுவும் நிறுவினார்கள். ஆகவே நீங்கள் வழக்கமாக இருக்கும் கதிரையில் சப்வூபரை ஏற்றிவைத்து, பேஸ் ஓட்டம் நன்றாக உள்ள ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து ஒரு சுற்று வாருங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே அளவில் தெளிவாகக் கேட்கிறதோ அதுதான் பெட்டிக்குரிய இடம். அது மூலையாக இருப்பது அரிது. கையில் காசு கூட உண்டென்றால் 12 இஞ்சி ஒன்றுக்குப் பதிலாக 8 இஞ்சி இரண்டு வாங்கி, முன்சுவரின் நடுவில் ஒன்றும் பின்சுவரின் நடுவில் ஒன்றுமாக வையுங்கள். ஹார்மன் நிறுவனத்தின் ரொட் வெல்ரி 2002இல் பல அமைப்புகளைக் கணக்கிட்டுப் பார்த்து, எதிர்ச்சுவர்களின் நடுப்புள்ளிகள் சிறந்த இடங்களுள் அடங்கும் என்று காட்டினார். நம் ஹோலில் அதன் பலனைத் தாளில் போட்டே பார்க்கலாம்: 48 ஹேர்ட்ஸ் அலையை இரண்டு பெட்டிகளும் எதிரெதிர் முனையிலிருந்து தள்ளுவதால் அது எழும்பாது, 57 ஹேர்ட்ஸ் அலைக்கு இரண்டும் கணுவில், அதாவது அமுக்கம் அற்ற நடுவில், இருப்பதால் அதுவும் எழும்பாது. பின்சுவரின் நடுவில் வாசற்கதவு இருக்கிற வீடுகள் பல. அங்கே கதவருகே கொஞ்சம் விலக்கி வைப்பதும் ஒற்றைப் பெட்டியைவிட மேல்.

மலிவான 5.1 செற்றுகளில் இன்னொரு வில்லங்கம் உண்டு. கூட வரும் குட்டி ஸ்பீக்கர்களால் 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே இறங்க முடியாது. ஆகவே சப்வூபர் அதுவரை ஏறி ஒலிக்கவேண்டியிருக்கிறது. ஏறத்தாழ 80 ஹேர்ட்ஸுக்குக் கீழேதான் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது தடுமாறும். ஆணின் குரலோ 85 முதல் 180 ஹேர்ட்ஸுக்குள் அடிப்படை கொண்டது. விளைவு, ரிவியில் கதாநாயகன் பேச, அவன் குரலின் அடிப்பாகம் நிலத்திலிருக்கும் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது. பெரிய சப்வூபரும் குட்டி ஸ்பீக்கரும் சேர்ந்த செற்றைவிட, 5 இஞ்சி ஸ்பீக்கர் இரண்டும் அடக்கமான ஒரு சப்வூபரும் எவ்வளவோ நல்லது.

கடைக்குப் போகுமுன் ஹோலை அளந்து ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் பிஎம்பிஓ என்ற கணநேர உச்ச வலுக் கணக்கைக் காட்டினால், தொடர்ந்து கொடுக்கும் வலுவான ஆர்எம்எஸ் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பெட்டியைத் திருப்பிப் பின்தட்டில் மின் நுகர்வு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். கணப்பொழுது அதிர்ச்சிக்குச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் கூட வரலாமே தவிர, சுவரிலிருந்து 60 வோட்ஸ் எடுக்கும் பெட்டி 3,000 வோட்ஸ் கொடுக்காது.