மூன்று அடியில் எவ்வளவு இறங்கும்?

நெல்லை வள்ளத்தில் கொட்டித் தலை தட்டினால் ஓர் அளவு. அதையே நாலு தட்டுத் தட்டிக் குலுக்கினால் வேறோர் அளவு. சந்தையில் நின்று அளந்து வாங்கிய கொங்கு நாட்டுக்காரர் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோவை பவுண்டரிகளின் மணல் சோதனையும் ஏறக்குறைய இதுதான்.

ஓர் உருக்குக் குழாயில் மணலைச் சலித்துக் கொட்டுகிறார்கள். மேலே குவிந்ததை ஒரு பட்டையால் வழித்துத் தலை தட்டுகிறார்கள். சுமார் ஆறரை கிலோ எடையை 50 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு மூன்று அடி அடிக்கிறார்கள். மணல் எத்தனை சதவீதம் இறங்கியது என்று பார்க்கிறார்கள். 40 சதவீதத்தை ஒட்டி வந்தால் பெரும்பாலும் வேலைக்கு ஆகும். இதற்கு ‘காம்பாக்டபிலிட்டி’ என்று பெயர்.

1888-இல் ஸ்டேன்ஸ் மில், 1930-களில் பைக்காரா மின்சாரம், அதைத் தொடர்ந்து மில் உதிரிபாகங்கள், கிணற்றுக்கு மோட்டார் பம்பு என்று வளர்ந்த ஊர் கோவை. பீளமேடு, கணபதி, அரசூர் பக்கங்களில் வார்க்கப்படும் பம்பு உடல்கள் பலவும் முதலில் மணலில்தான் உருப்பெறுகின்றன. அந்த மணலுக்கு ‘கிரீன் சாண்ட்’ என்று பெயர், பார்த்தால் கன்னங்கறுப்பு. ‘கிரீன்’ என்றால் இங்கே ஈரம் காயாதது என்று பொருள். சிலிக்கா மணலோடு 6 முதல் 10 சதவீதம் பெண்டோனைட் களிமண், 3 அல்லது 4 சதவீதம் தண்ணீர், கொஞ்சம் நிலக்கரித் தூள். நனைந்த களிமண் ஒவ்வொரு மணல் துகளின் மீதும் படிந்து, இரண்டு துகள்கள் தொடும் இடத்தில் சிறு பாலமாக ஒட்டிக்கொள்கிறது. மற்ற இடமெல்லாம் வெற்றிடம்.

அந்த வெற்றிடம் இல்லாவிட்டால் வார்ப்பே இல்லை. சுமார் 1,400 டிகிரியில் உருகிய இரும்பு உள்ளே பாய்ந்ததும் மணலில் உள்ள தண்ணீர் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு கிட்டத்தட்ட 1,700 மடங்கு பெருகும். வெளியேற வழி வேண்டாமா? மணல் அளவுக்கு மீறி இறுகியிருந்தால் வாயு இரும்புக்குள்ளேயே குமிழாகத் தங்கிவிடும்; அதுதான் ‘புளோ ஹோல்’. லேத்தில் கடைந்த பிறகோ, தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும்போதோதான் அது பல்லிளிக்கும். மணல் தளர்ந்திருந்தாலும் வம்பு: இரும்பின் பாரத்தில் அச்சுச் சுவர் பின்வாங்கி, வார்ப்பு பருத்துப்போகும்.

சரி, எந்திரம் வைத்து அழுத்தினால் எல்லா இடமும் சீராக இறுகிவிடாதா? இறுகாது. ஜெர்மன் பொறியாளர் ஜான்சென் 1895-இலேயே தானியக் குதிர்களில் இதை அளந்து காட்டிவிட்டார். மேலிருந்து வரும் பாரத்தில் ஒரு பங்கைச் சுவர்களின் உராய்வு தாங்கிக்கொள்கிறது. அடிக்குப் போய்ச்சேருவது மிச்சம்தான். மணல் அச்சைச் செய்யும் மோல்டிங் பெட்டியிலும் அதே கதை. மேல்பரப்பு கல்லாகியிருக்கும், பேட்டர்ன் எனும் மாதிரி உருவின் குறுகலான பொந்துக்குள் மணல் பொலபொலவென்று கிடக்கும். அச்சின் இறுக்கத்தைப் பார்க்கும் கடினமானி மேல்தோலைத்தான் அளக்கும்.

கணினியில் கணக்கிட்டு மணலுக்குள்ளே பார்க்க வழி செய்தவர்கள் பீட்டர் கண்டலும் ஓட்டோ ஸ்ட்ராக்கும். 1979-இல் அவர்கள் வெளியிட்ட ‘டிஸ்க்ரீட் எலிமென்ட்’ முறை, மணலை ஒரே பிண்டமாகக் கருதாமல் ஒவ்வொரு துகளையும் தனி உருண்டையாகக் கணிக்கிறது. யார் யாரைத் தொடுகிறார், எவ்வளவு தள்ளுகிறார், எப்போது வழுக்குகிறார்: இவ்வளவுதான் கேள்விகள். 2004-இல் பொட்யாண்டி என்பவரும் கண்டலும், பாறையைக் கணிக்க, உருண்டைகளுக்கிடையே உடையக்கூடிய பசையையும் சேர்த்தார்கள்.

கணினித் திரையில் தெரிவது சுவையானது. பாரம் ஏறத் தொடங்கும்போது ஒட்டுகள் தாங்கும், மணல் அசையாது. ஓர் எல்லைக்கு மேல் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒட்டு விடும். விடுபட்ட மணல் பக்கத்து வெற்றிடத்தில் சரிந்து விழ, அதன் பாரம் அடுத்ததன் தலையில் ஏறும். எல்லா மணலும் சமமாகச் சுமப்பதுமில்லை. சில வரிசைகள் மட்டும் தோள் கொடுக்கும், நடுவே நிற்பவை சும்மா நிற்கும். கூட்டுக் குடும்பத்தை நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும்!

கணக்குதான் மலைப்பு. 50 மில்லிமீட்டர் விட்டமும் அதே உயரமும் உள்ள சோதனை உருளையில், துகள் ஒவ்வொன்றும் 0.3 மில்லிமீட்டர் என்றால், சுமார் 40 லட்சம் துகள்கள். ஒரு மோல்டிங் பெட்டி முழுவதையும் இப்படிக் கணிப்பது பெரிய கணினிக்கும் சுமை. அதனால் உருண்டைகளைப் பெரிதாக்கி, எண்ணிக்கையைக் குறைத்துக் கணிக்கிறார்கள். உராய்வு எவ்வளவு, ஒட்டின் பலம் எவ்வளவு என்பதும் கணினிக்குத் தானாகத் தெரியாது. நிஜக் குழாயில் மூன்று அடிக்கு 40 சதவீதம் இறங்கினால், திரையில் உள்ள குழாயிலும் அப்படியே இறங்கும்வரை எண்களை மாற்றிப் பார்க்கவேண்டும். இந்தப் பொருத்தம் பார்க்காத சிமுலேஷன் வெறும் கார்ட்டூன்.

இரும்பு ஓடி உறைவதைக் காட்டும் மென்பொருள்கள் இன்று பவுண்டரிகளுக்குப் புதிதல்ல. ஆனால் அவை பொதுவாக மணல் அச்சைச் சீரான ஒரே பொருளாகவே எடுத்துக்கொள்கின்றன. சின்னப் பட்டறைகளிலோ இன்னும் கைப்பிடிதான் கருவி: ஒரு பிடி மணலை இறுக்கிப் பிடித்து, விரல் ரேகை பதிந்திருக்கிறதா, உடைத்தால் விளிம்பு உதிராமல் நிற்கிறதா என்று பார்ப்பது. அந்தக் கை அனுபவத்தைக் குறைசொல்ல முடியாது. அதைக் கணினிக்கு எண்ணாகக் கொடுக்கத்தான் வழியில்லை.

அந்த எண்களைச் சேர்க்கப் பட்டறைக்காரர்கள் இன்றைக்கே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. மூன்று அடிக்கு இறங்கிய அளவு, மணலின் ஈரம், அன்று ரிஜெக்ட் ஆன வார்ப்புகள் ஆகிய மூன்றையும் ஒரே நோட்டில், ஒரே வரியில் எழுதி வையுங்கள்.