மேரி கட்டடம்: அன்றும் இன்றும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்து நிற்கும் மேரி, பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி மாளிகை. முதலில் அதைக் கட்டியது 1870-71இல். இப்போது நிற்பது 2021 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது.

பழைய புதுச்சேரி மாளிகைகளின் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். வெயிலுக்கு இதமான கட்டுமானம். கவனிப்பாரற்றுப்போய் மழைநீர் இறங்கத் தொடங்கினால் நிலைக்காது. 140 ஆண்டுகளைக் கடந்த மேரி, 2014 நவம்பர் 29, சனிக்கிழமை, அடைமழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி உதவியுடன், ஏறத்தாழ 15 கோடி ரூபாய் செலவில், பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பினார்கள்.

தோற்றம் திரும்பிவிட்டது. உள்ளே கூடிய மன்றம் திரும்பவில்லை.

1880 மார்ச் 12ஆம் நாள் ஆணை, பிரெஞ்சிந்தியாவில் 10 கம்யூன்களை, அதாவது நகராட்சிகளை, உருவாக்கியது. 1907இல் அவை 17 ஆயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றம். அந்தத் தேர்தல் சமமானதல்ல. ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், இந்தியருக்கு வேறொரு பட்டியல்; கைப்பிடி அளவினருக்குப் பெரும் பங்கு. ஆயினும் மன்றம் என்ற ஒன்று இருந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் இந்தியாவோடு இணைவது பற்றி வாக்களித்த 178 பேரில் நகராட்சி உறுப்பினர்களும் இருந்தார்கள். இணைப்பை ஆதரித்தவர்கள் 170 பேர். ஊரின் தலைவிதியையே முடிவு செய்த வாக்குகள் அவை.

இன்று தனிப் பட்டியல் கிடையாது. ஆளுக்கு ஒரு வாக்கு. அது பெரிய பேறு. ஆனால் அந்த வாக்கைப் போட உள்ளாட்சித் தேர்தல் வரவேண்டுமே. 1968இல் நடந்த தேர்தலுக்கு அடுத்தது 38 ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் வந்தது. அந்த மன்றத்தின் காலம் 2011இல் முடிந்தது. புது மேரி திறக்கப்பட்ட நாளில் உள்ளே போய் அமர, தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினர்கூட நகராட்சியில் இல்லை. நிர்வாகம் அதிகாரிகள் கையில் இருந்தது.

இடிந்த கட்டடத்தை ஆறே கால் ஆண்டில் எழுப்ப முடிந்திருக்கிறது. மன்றத்தை எழுப்பப் பணமும் வேண்டாம், பழைய வரைபடமும் வேண்டாம். உரிய காலத்தில் தேர்தல் நடத்தினால் போதும்.