கல்லை வெட்டுமுன் அளந்து பாருங்கள்!

பட்டு இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுச் சேர்த்துவிடலாம். கல்லை அரை அங்குலம் கூடுதலாக வெட்டிவிட்டால் சேர்க்க முடியுமா? முடியாது!

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. பட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். நெசவாளர் வீடுகளில் தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருப்பது உண்டு.

விறகு அடுப்பின் புகையும் கரியும் பட்டு நூலுக்குப் பகை. கியாஸ் அடுப்பு வந்தது. அந்தத் தொல்லை தீர்ந்தது. 1965-ம் ஆண்டு கல்கத்தாவில் "இண்டேன்" கியாஸ் முதன்முதலாக வழங்கப்பட்டது. பிறகு ஊர் ஊராகப் பரவியது.

இப்போது இன்னொரு புதுமை. மேடைக்கல்லில் ஓட்டை வெட்டி, அதற்குள் அடுப்பைப் பதிக்கிறார்கள். இதைக் கடைகளில் "ஹாப்" என்கிறார்கள். பார்க்க அழகு. துடைக்க எளிது. ஆனால் கல்லை வெட்டுவதில் கவனம் தேவை.

எது அளவு?

அடுப்பு வீட்டுக்கு வரும் முன் கல்லை வெட்டக்கூடாது. மேலே தெரியும் கண்ணாடியின் அளவு வேறு. ஓட்டையின் அளவு வேறு. கண்ணாடி 60 சென்டிமீட்டர் அகலம் என்றால், ஓட்டை 56 சென்டிமீட்டர்தான் இருக்கலாம். கண்ணாடியின் விளிம்புதான் கல்மேல் உட்காரவேண்டும். கண்ணாடி அளவுக்கே வெட்டினால் அடுப்பு உள்ளே விழுந்துவிடும்!

இந்த அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அடுப்புடன் வரும் தாளில் போட்டிருக்கும். அதைப் பார்த்துக் கல்லில் கோடு போடவேண்டும். கீழே அலமாரிப் பலகை, இழுப்பறை இடிக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

மூலையில் விரிசல்

ஓட்டையின் மூலை கூராக இருந்தால், அங்கிருந்துதான் கல் விரியும். ஆகவே நான்கு மூலைகளிலும் முதலில் வட்டமாகத் துளை போடவேண்டும். பிறகு துளைக்குத் துளை நேராக அறுக்கவேண்டும். ஓட்டைக்கு முன்னும் பின்னும் மிஞ்சும் கல் மெலிந்தால் ஒடிந்துவிடும். அதற்கு அடியில் தாங்கல் கொடுப்பது நல்லது.

கல் அறுக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி அடங்கும். அறுப்பவர் முகமூடி அணியவேண்டும். வெளியிலேயே அறுப்பது மேல். வீட்டுக்குள் அறுப்பதானால், தறியில் உள்ள பாவைத் துணியால் நன்றாக மூடவேண்டும். நூலை வேறு இடத்துக்கு மாற்றவேண்டும்.

தறிக் குழியில் ஆபத்து!

சமையல் கியாஸ் காற்றைவிட ஒன்றரை மடங்குக்குமேல் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். குழித்தறி உள்ள வீட்டில், நெசவாளர் கால் வைக்கும் குழியே அந்தப் பள்ளம் ஆகிவிடலாம்!

அதனால் சிலிண்டரைத் தறிக்கு அருகில் வைக்கக்கூடாது. ஹாப்புக்குக் கீழே உள்ள அலமாரியைக் காற்றுப் புகாமல் அடைக்கவும் கூடாது. தரை மட்டத்தில் காற்றுத் துளைகள் வேண்டும்.

கியாஸ் வாசனை வந்தால் விளக்குச் சுவிட்சைத் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னல்களைத் திறங்கள். வீட்டுக்கு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அடுப்பைப் பதித்ததும் குழாய் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு இருக்கிறது. தீக்குச்சியைக் கிழித்துப் பார்க்கவே கூடாது!